மெயில் வழி செஸ்: எக்ஸ்-போர்டும் சிமெயிலும் மெயில் புரோகிராமோடு ஒத்துப்போகாதபோது

அஞ்சல்வழி செஸ் ஆடுபவர்களில் பெரும்பாலோர் சர்வருக்குப் போய்விட்டார்கள். சர்வதேச அஞ்சல்வழி செஸ் கூட்டமைப்பான ஐசிசிஎஃப் 2004-இல் தன் வெப்சர்வரைத் தொடங்கியபின் போட்டி ஆட்டங்கள் மெல்ல மெல்ல அங்கே நகர்ந்தன. இருந்தாலும் இரண்டு பேர் தங்களுக்குள் மெயிலில் ஆடுவது நின்றுவிடவில்லை. யார் சர்வரையும் நம்ப வேண்டாம், ஆட்டம் முழுவதும் நம் கணினியிலேயே இருக்கும், மூவோடு (காய் நகர்த்தலோடு) சேர்த்து எதிராளி நாலு வரி எழுதியும் அனுப்புவார். எனக்கு இந்த முறை மேல் தனிப் பிரியம் உண்டு. மெயில் புரோகிராம் செய்யும் குளறுபடியால் பாதி ஆட்டத்தில் ஒருவர் சலித்து விலகுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதற்காகத்தான் இது.

இங்கே பேசப்போவது லினக்ஸில் ஓடும் க்னூ எக்ஸ்-போர்டு என்ற செஸ் பலகை நிரலையும் அதோடு கூடவே வரும் சிமெயிலையும் பற்றி. சிமெயில் என்பது பெர்ல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட். எழுதியவர் இவான் வெல்ஷ்; வடிவமைப்பிலும் சோதனையிலும் உதவியவர் பேட்ரிக் சர்ரி. டெர்மினலில் சிமெயில் என்று தட்டினால் எதிராளி யார், முகவரி என்ன என்று கேட்டுக்கொண்டு எக்ஸ்-போர்டைத் திறக்கும். பலகையில் காயை நகர்த்திவிட்டு ஃபைல் மெனுவில் ‘மெயில் மூவ்’ கொடுத்தால் ஆட்டம் பிஜிஎன் வடிவில் (மூவுகளை வெறும் எழுத்தில் குறித்துவைக்கும் முறை) மடலாகப் போகும். பதில் மடல் வந்ததும் அதை சிமெயிலுக்குள் செலுத்தினால் எதிராளியின் மூவோடு பலகை திறக்கும். அவ்வளவுதான் வேலை. வேறு நிரல் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும், ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் செஸ் நிரலில் இருப்பதில்லை. போகிற வழியில் மெயில் புரோகிராம் எழுத்தை அழகுபடுத்தப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பிய மூவ் விதிப்படி செல்லுமானால் அதைத் திரும்பப் பெற முடியாது என்பது அஞ்சல்வழி ஆட்டத்தின் பழைய நியதி. அதனால் சிதைந்து வந்த மடலை ‘இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று ஊகித்துத் திருத்தாதீர்கள். கெட்டது எழுத்து மட்டும்தான், மூவ் என்ன என்பதில் சந்தேகமே இல்லை என்றால் சரிசெய்யலாம். துளி சந்தேகம் இருந்தாலும் எதிராளியைக் கேளுங்கள்.

எழுத்துகளைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். உங்கள் திரையில் அவை ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

‘மெயில் மூவ்’ கொடுத்தேன், எதிராளிக்கு ஒன்றுமே வரவில்லை

முதலில் செஸ்ஸை மறந்துவிடுங்கள். டெர்மினலைத் திறந்து, சிமெயில் பயன்படுத்தும் அதே மெயில் நிரலைக் கொண்டு உங்கள் சொந்த முகவரிக்கே ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். அது வரவில்லையென்றால் எக்ஸ்-போர்டில் எதைத் தட்டினாலும் பயனில்லை.

‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றால் காரணம் எளிது. சிமெயில் எழுதப்பட்ட காலத்தில் எல்லா யூனிக்ஸ் கணினியிலும் ‘மெயில்’ என்றொரு கட்டளை இருக்கும். இன்றைய லினக்ஸில் பெரும்பாலும் அது கிடையாது. மெயில்எக்ஸ் அல்லது எஸ்-நெய்ல் தொகுப்பை நிறுவுங்கள். அப்புறம் ‘சிமெயில்_மெயில்ப்ராக்’ என்ற சூழல் மாறியில் (எல்லாம் பெரிய எழுத்தில்) அந்த நிரலின் பெயரைக் கொடுங்கள். மைனஸ் எஸ் போட்டுத் தலைப்பு வரியைக் கொடுத்தால் ஏற்கிற நிரலாக இருக்க வேண்டும். மெயில்எக்ஸ் ஏற்கும், டெர்மினலில் ஓடும் மட் என்ற மெயில் புரோகிராமும் ஏற்கும். எம்எஸ்எம்டிபி போன்ற வெறும் அனுப்பி நிரலை நேரடியாக அங்கே வைத்தால் ஏற்காது.

கட்டளை ஓடுகிறது, பிழை எதுவும் காட்டவில்லை, ஆனாலும் மடல் வரவில்லை என்றால் பெரும்பாலும் அது உங்கள் கணினியின் வரிசையிலேயே தேங்கி நிற்கிறது. வீட்டு இணைய இணைப்புகளில் 25-ஆம் போர்ட்டை நிறுவனங்கள் பொதுவாக அடைத்து வைத்திருக்கும். ஸ்பேமைத் தடுக்க எடுத்த ஏற்பாடு அது. ஆகவே உங்கள் கணினி நேரடியாக அடுத்தவர் சர்வரின் கதவைத் தட்ட முடியாது. உங்கள் மெயில் கணக்கின் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும்: 587-ஆம் போர்ட்டில் ஸ்டார்ட்-டிஎல்எஸ், அல்லது 465-இல் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் முறை). இதற்கு எம்எஸ்எம்டிபியை நிறுவி, மெயில்எக்ஸின் செட்டிங்ஸ் கோப்பில் அதை அனுப்பியாகக் குறித்துவிட்டால் போதும். தலைப்பு வரியை மெயில்எக்ஸ் பார்த்துக்கொள்ளும், சர்வரோடு பேசுவதை எம்எஸ்எம்டிபி பார்த்துக்கொள்ளும்.

எம்எஸ்எம்டிபி வைத்தும் அடம்பிடித்தால் அதன் செட்டிங்ஸ் கோப்பில் ‘லாக்ஃபைல்’ வரி ஒன்றைச் சேருங்கள். என்ன நடந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வைக்கும். அடிக்கடி தென்படுவது இரண்டு. ஒன்று, பாஸ்வேர்டு உள்ள கோப்பை மற்றவர்களும் படிக்க அனுமதி இருந்தால் எம்எஸ்எம்டிபி வேலை செய்ய மறுக்கும். அனுமதியை 600 ஆக மாற்றினால் சரியாகிவிடும். இன்னொன்று, சர்வர் பாஸ்வேர்டையே ஏற்காதது.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏற்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். 2022 மே மாதக் கடைசியில் ஜிமெயில், சாதாரணப் பாஸ்வேர்டை வைத்து வெளி நிரல்கள் நுழைவதை நிறுத்தியது. இப்போது கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, ‘ஆப் பாஸ்வேர்டு’ என்ற 16 எழுத்துச் சொல்லை உருவாக்கி, அதைத்தான் கொடுக்க வேண்டும். அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் இதே முடிவு வந்தது. அங்கே நிலைமை இன்னும் கடினம், ஓஆத் வழியே (பாஸ்வேர்டை நிரலிடம் கொடுக்காமல் அனுமதி பெறும் முறை) நுழையத் தெரிந்த நிரல் வேண்டும். பல வருஷம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அமைப்பு ஒரு நாள் காரணமே இல்லாமல் நின்றுபோனது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

எல்லாம் முடிந்தபின் மறுபடி ‘மெயில் மூவ்’ கொடுத்தால், ‘ஏற்கெனவே மூவை அனுப்பிவிட்டீர்கள், பதில் வரும்வரை பொறுங்கள்’ என்று எக்ஸ்-போர்டு தடுக்கும். அதன் பார்வையில் மடல் போய்விட்டது. அதே செய்தியில் அதற்கான வழியையும் சொல்லும்: டெர்மினலில் சிமெயிலை ‘ரீமெயில்’ என்ற தேர்வோடும் ஆட்டத்தின் பெயரோடும் ஓட்டினால், கடைசி மடலை அப்படியே மறுபடி அனுப்பும். ஜிமெயில் சர்வர் வழியாக அனுப்பினால் உங்கள் ‘சென்ட்’ அடைவிலும் ஒரு பிரதி சேரும். போனதா இல்லையா என்று எதிராளியைக் கேட்பதற்கு முன் அங்கே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மடல் போனது, ஆனால் ஸ்பேமில் விழுந்தது

ஒருவரின் பெயரில் வேறொருவரின் சர்வர் அனுப்பியதுபோல் தெரிந்தால் ஸ்பேமில்தான் விழும். ‘ஃப்ரம்’ முகவரியும் நீங்கள் நுழைந்த கணக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு மடல் அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் அடையாளத்தை (மடல் உரிய சர்வரிலிருந்துதான் வந்தது என்பதற்கான சான்று) எதிர்பார்க்கிறது. உங்கள் கணக்கின் சர்வர் வழியாகப் போனால் அது தானாகவே அமையும். எதிராளி உங்கள் முகவரியைத் தன் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எதிராளியின் மடல் வந்துவிட்டது, சிமெயில் படிக்க மாட்டேன் என்கிறது

பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது. மடலை மெயில் புரோகிராம் காட்டும் வடிவத்தில் பார்க்காதீர்கள். அது எல்லாவற்றையும் சீராக்கித்தான் காட்டும். மூல வடிவத்தைத் திறங்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’, தண்டர்பேர்டில் கன்ட்ரோல்-யூ. சிமெயில் பார்ப்பது அதைத்தான்.

அங்கே சமக்குறிகள் தூவிக் கிடக்கின்றனவா? வரிக்கடைசியில் ஒற்றை ‘=’, நடுவில் ‘=3டி’, ‘=20’ என்றெல்லாம் இருந்தால் மடல் ‘கோட்டட்-பிரின்டபிள்’ என்ற முறையில் மூடப்பட்டு வந்திருக்கிறது. இந்த முறையில் ஒரு வரி 76 எழுத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் ‘=’ போட்டு உடைத்துவிடும். மூவுக்கு நடுவிலேயே உடைந்தால் குதிரையின் எழுத்து ஒரு வரியிலும் கட்டத்தின் எண் அடுத்த வரியிலும் நிற்கும். அதைவிட நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. சமக்குறியையே இந்த முறை ‘=3டி’ என்று எழுதும். பிஜிஎன்னில் சமக்குறி எங்கே வரும்? சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாகும்போது. ‘ஈ8=கியூ’ என்று அவர் அனுப்பியது உங்களிடம் ‘ஈ8=3டிகியூ’ என்று வந்து நிற்கும். நாற்பது மூவ் வரை வழுவழுவென்று ஓடிய ஆட்டம் சிப்பாய் ராணியான மடலில் மட்டும் தடுக்கி விழுந்தால் காரணம் இதுதான்.

இங்கே சிமெயிலைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. மடலைப் பிரித்துக் கொடுப்பது மெயில் புரோகிராமின் வேலை. மட் பயன்படுத்துபவர்கள் அதன் செட்டிங்ஸில் ‘பைப்_டீகோட்’ என்பதை இயக்கிவிட்டால், செங்குத்துக் கோட்டு விசையைத் தட்டி சிமெயிலுக்குச் செலுத்தும்போது பிரித்த வடிவமே போகும். தண்டர்பேர்டில் இப்படிச் செலுத்தும் வசதி உள்ளேயே இல்லை. ‘வியூ’ மெனுவில் மடலை ‘பிளெயின் டெக்ஸ்ட்’ ஆகக் காட்டச் சொல்லி, முழுவதையும் நகலெடுத்து ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை சிமெயிலுக்கு உள்ளீடாகக் கொடுங்கள்.

மூல வடிவத்தில் செஸ்ஸே தெரியவில்லை, பொருளற்ற எழுத்துகள் பத்தி பத்தியாக இருக்கின்றன என்றால் அது பேஸ்64, மடலை மூடி அனுப்பும் இன்னொரு முறை. நம்மில் பலருக்கு இது நேர ஒரு காரணம் உண்டு: மடலின் அடியில் தமிழில் போடும் கையொப்பம். பிஜிஎன் முழுக்க ஆங்கில எழுத்து என்றாலும், தமிழில் ஒரு சொல் சேர்ந்துவிட்டால் மெயில் புரோகிராம் மடல் முழுவதையும் பேஸ்64-இல் கட்டி அனுப்பலாம். தீர்வு மேலே சொன்னதேதான். தமிழில் எழுதுவதை விட்டுவிட வேண்டியதில்லை. இருவரும் மடலைப் பிரித்த பிறகே சிமெயிலுக்குக் கொடுக்கிறீர்களா என்பதை உறுதிசெய்துகொண்டால் போதும்.

பிரித்த பிறகும் ஏற்கவில்லையா? ஆட்டத்தின் தலைப்பு வரிகளில் உள்ள மேற்கோள் குறிகளை உற்றுப் பாருங்கள். போட்டிப் பெயர், இடம், தேதி, வெள்ளை, கறுப்பு என்று சதுர அடைப்புக்குள் வரும் வரிகளில் நிமிர்ந்த இரட்டைக் குறி மட்டுமே செல்லும். வளைந்த குறிகளாக மாறியிருந்தால் நிரலுக்கு அது மேற்கோளே அல்ல. மூன்று புள்ளிகளும் இப்படித்தான். கறுப்பின் மூவுக்கு முன் போடும் ‘...’ ஒரே எழுத்தாகச் சுருங்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முடிவு வரியில் உள்ள ‘1-0’-இல் சிறு கோடு நீண்ட கோடாகியிருக்கும். யாரோ கையால் தட்டியோ ஒட்டியோ அனுப்பிய மடலில்தான் இவை வரும், சிமெயில் தானாக அனுப்பியதில் வராது. அவர் ஐபோனில் எழுதுகிறார் என்றால் கீபோர்டு செட்டிங்ஸில் ‘ஸ்மார்ட் பங்க்சுவேஷன்’ஐ அணைக்கச் சொல்லுங்கள். மேக் என்றால் எடிட் மெனுவில் ‘சப்ஸ்டிட்யூஷன்ஸ்’. அவுட்லுக் என்றால் ஆட்டோகரெக்ட் பகுதி, அங்கே ‘1.’ என்று தொடங்கும் வரியைத் தானாக எண்ணிட்ட பட்டியலாக்கும் வசதியையும் சேர்த்தே அணைக்க வேண்டும், பிஜிஎன்னில் பாதி அப்படித்தானே தொடங்குகிறது. எல்லாவற்றையும்விட எளிய வழி, இருவரும் வெற்று உரையில் மட்டுமே எழுதுவது என்று முதல் மடலிலேயே பேசிவைப்பது. ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளிக்குள் ‘பிளெயின் டெக்ஸ்ட் மோட்’ இருக்கிறது.

அவுட்லுக்கில் படிப்பவர்களுக்கு இன்னொன்று. வெற்று உரை மடலில் ‘கூடுதல்’ வரி முறிவுகளை அது நீக்கிவிடும். மடலின் மேலே அதைச் சொல்லும் சின்னப் பட்டையும் தெரியும். சாதாரண மூவுகளுக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் பிஜிஎன்னில் அரைப்புள்ளி போட்டு எழுதும் குறிப்பு அந்த வரியின் கடைசிவரை நீளும். அடுத்த வரி வந்து ஒட்டிக்கொண்டால் அதிலுள்ள மூவுகளும் குறிப்பாகிக் காணாமல் போகும். குறிப்பு எழுதுவதாக இருந்தால் நெளிவு அடைப்புக்குள் எழுதுங்கள். அதற்கு முடிவு உண்டு.

பழைய நிலையே திறக்கிறது

எதிராளி சிமெயிலில் அனுப்பாமல் உங்கள் மடலுக்கே ‘ரிப்ளை’ கொடுத்திருப்பார். உங்கள் பழைய பிஜிஎன் ஒவ்வொரு வரியின் முன்னும் ‘>’ குறியோடு கீழே கிடக்கும். நாலைந்து முறை இப்படிப் போய் வந்தால் ஒரே மடலில் ஆட்டத்தின் நாலைந்து நிலைகள் இருக்கும். புதிய பகுதியை மட்டும் தனிக் கோப்பில் எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் புது மடல் என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூவ் ஏறியது, ஆனால் அவர் ஆடியது அது இல்லை

எனக்கு உண்மையில் பயம் தருவது இந்த ஒன்றுதான். மற்ற கோளாறுகள் சத்தம் போடும், இது போடாது.

ஒரு நிலையைப் பாருங்கள். கறுப்புக்கு பி5-இல் சிப்பாய், ஈ6-இல் பிஷப், நடுவில் டி5 காலி. வெள்ளை சிப்பாயை சி4-க்குத் தள்ளுகிறார். கறுப்பு அதைச் சிப்பாயாலும் வெட்டலாம், பிஷப்பாலும் வெட்டலாம். குறியீட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே எழுத்துதான்: சின்ன ‘பி’ என்றால் பி வரிச் சிப்பாய், பெரிய ‘பி’ என்றால் பிஷப். அவர் செல்போனில் சின்ன எழுத்தில் தட்டுகிறார். வரியின் முதல் எழுத்தாயிற்றே என்று கீபோர்டு அதைப் பெரிதாக்கிவிடுகிறது. இரண்டுமே செல்லுபடியாகும் மூவ், அதனால் எந்த நிரலும் மறுப்புச் சொல்லாது. உங்கள் பலகையில் பிஷப் சி4-இல் நிற்கும், அவர் பலகையில் சிப்பாய் நிற்கும். அடுத்த இரண்டு மூவ் கழித்துத்தான் இருவருக்கும் ஏதோ இடிக்கும்.

செல்போன் கீபோர்டில் ‘ஆட்டோ கேப்பிடலைசேஷன்’ஐ அணைப்பது ஒரு வழி. என் யோசனை, கையால் தட்டும்போது புறப்படும் கட்டத்தையும் சேர்த்தே எழுதுவது: பி5-இலிருந்து சி4. முதல் எழுத்து பெரிதானாலும் ஐந்தாம் வரிசையில் இல்லாத பிஷப்பைத் தேடி நிரல் பிழை சொல்லிவிடும். அமைதியாகத் தவறு நடக்க இடமில்லை. ஐசிசிஎஃப்பின் எண் குறியீடு இன்னும் பத்திரம். கட்டத்தின் எழுத்தையும் எண்ணாக்கி, புறப்படும் கட்டம், சேரும் கட்டம் என்று நாலு எண் எழுதுவது. மேலே சொன்ன சிப்பாய் வெட்டு 2534. வெள்ளை ராஜா பக்கக் கேஸ்லிங் 5171. எந்தக் கீபோர்டும் இதைத் தொட முடியாது, எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

நாடு என்றதும் சொல்ல வேண்டியது: எதிராளி தன் மொழி எழுத்தில் எழுதுகிறாரா என்று கேட்டுவிடுங்கள். ஜெர்மன்காரர் எழுதும் ‘எஸ்’ குதிரை, ‘டி’ என்ற எழுத்தில் ராணி. நிரல் பெரும்பாலும் பிழை காட்டிவிடும். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும்தான் ஆபத்து. அங்கே ‘ஆர்’ என்றால் ராஜா, நமக்கோ அது யானை. ஒரே கட்டத்துக்கு ராஜாவும் போகலாம் யானையும் போகலாம் என்ற நிலையில் மறுபடி அதே மௌனத் தவறு.

கேஸ்லிங்கை பிஜிஎன்னில் எழுதுவது பெரிய ‘ஓ’ எழுத்தில், பூஜ்யத்தில் அல்ல. சில நிரல்கள் இரண்டையும் ஏற்கும், சில ஏற்காது. கேஸ்லிங் செய்த மடலில் மட்டும் பிழை வந்தால் அங்கே பாருங்கள்.

எக்ஸ்-போர்டு மூவை அனுப்ப மறுக்கிறது

அது சொல்வதை அப்படியே நம்பலாம். ‘மூவுகள் அதிகம்’ என்றால், பகுப்பாய்வுக்காக எதிராளியின் பதிலையும் நீங்களே ஆடிப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்கிறீர்கள். உங்கள் மூவ் வரை பின்னால் வாருங்கள். ‘காட்டும் நிலை நடப்பு நிலை அல்ல’ என்றால் பழைய மூவுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் வாருங்கள். ‘ஆட்ட வரலாறு மாறியிருக்கிறது’ என்றால் கொஞ்சம் கவனம் தேவை. ஏற்கெனவே நடந்த மூவு ஒன்றின் இடத்தில் வேறொன்றை ஆடியிருக்கிறீர்கள். ஆட்டத்தை மறுபடி ஏற்றி உங்கள் மூவை மட்டும் ஆடுங்கள். பலகையில் குழப்பம் எதுவானாலும் ஃபைல் மெனுவில் ‘ரீலோட் சிமெயில் மெசேஜ்’ கொடுத்தால் மடல் வந்த நிலைக்கே திரும்பலாம். பகுப்பாய்வை வேறொரு எக்ஸ்-போர்டு சாளரத்தில் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

மூவ் சரியாக இருந்தும் சிமெயிலையே காணோம் என்கிறதா? எக்ஸ்-போர்டு மடல் அனுப்ப சிமெயிலைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. உங்கள் ‘பாத்’ வரிசையில் (நிரல்களைக் கணினி தேடும் அடைவுகளின் பட்டியல்) அது இருக்க வேண்டும். டெர்மினலிலிருந்து முழுப் பாதையோடு சிமெயிலை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது நேரும்.

எதிராளி முகவரி மாற்றிவிட்டார்

உங்கள் வீட்டு அடைவில் ‘செஸ்’ என்ற அடைவுக்குள் (‘சிமெயில்_டிர்’ மூலம் வேறு இடம் கொடுத்திருந்தால் அங்கே) ‘சிமெயில்கேம்ஸ்’, ‘சிமெயில்அலையசஸ்’ என்று இரண்டு கோப்புகள் உண்டு. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. ஆட்டங்களின் பட்டியலும் ஆட்களின் முகவரியும் அவற்றில் இருக்கின்றன. நகல் ஒன்று எடுத்து வைத்துவிட்டு, இரண்டிலும் பழைய முகவரியைத் தேடி மாற்றுங்கள். கணினி மாற்றும்போதும் இந்த அடைவை முழுதாக, மறைகோப்புகளோடு எடுத்துப் போக வேண்டும். ஆட்டக் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் யாரோடு ஆடுகிறோம் என்பதே சிமெயிலுக்குத் தெரியாது.

நாள் கணக்கு ஒத்துவரவில்லை

மடலின் ‘டேட்’ வரியில் அனுப்பியவரின் நேர மண்டலமும் சேர்ந்தே இருக்கும். நம் ஊருக்கு +0530. சென்னையில் காலை ஆறு மணிக்கு அனுப்பியது நியூயார்க்கில் முந்தின நாள் மாலை. 10 மூவுக்கு 50 நாள் என்பது போன்ற கணக்கில் ஆடும்போது ஆளுக்கு ஒரு நாள் இடிப்பது பெரும்பாலும் இதனால்தான். எந்த நேர மண்டலத்தின் தேதியைக் கணக்கில் எடுப்பது என்று ஆட்டம் தொடங்கும்போதே இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மடலிலும் ‘உங்கள் மூவ் கிடைத்த தேதி, நான் பதில் அனுப்பும் தேதி, இதுவரை நான் செலவழித்த நாள்’ என்று கையால் ஒரு வரி சேருங்கள். அஞ்சலட்டையில் ஆடியவர்கள் செய்துவந்தது இதுதான். மடல் தொலைந்து நாலு நாள் கழித்து ‘ரீமெயில்’ செய்ய நேர்ந்தாலும், யார் கணக்கில் அந்த நாலு நாள் என்ற வாக்குவாதம் வராது.